பிறப்பதற்கு முன் வந்த காய்ச்சல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெற்றிடம். அடுத்த வீட்டு அடுப்புப் புகையும் இருமலும் சண்டையும் செபமாலையும் அந்த வழியாகத்தான் வந்துபோகும். ஹட்டன் டவுனில் வளர்ந்த நான், எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வந்தேன். குளிரும் அட்டையும் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. அந்தச் சுவர்தான் பழகக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த காம்பராவில் இருந்தவர்கள் என் கொழுந்தனும் அவன் மனைவியும், அதாவது என் ஓரகத்தியும். அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. என் கணவரும் கொழுந்தனும் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், வேலை செய்தார்கள். அவள் என்னைவிடச் சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தாலும் அதே அக்காதான், குரல் மட்டும் மாறும்.

இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தோம். இருவருக்கும் அது தலைப்பிள்ளை. காலையில் அவள் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுக்கொள்வாள். மாங்காய் கிடைத்தால் பாதி எனக்கு வரும். என் அம்மா டவுனிலிருந்து அனுப்பும் பேரீச்சம்பழத்தில் பாதி அவளுக்குப் போகும்.

எட்டாவது மாதத்தில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கால் வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. அடக்க முடியாமல் சிறுநீர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து துணி மாற்றினேன். மறுபடியும் நனைந்தது. வலி இல்லை. ஓரகத்தியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

கணவர் என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த டொக்டர் ஐயா நல்ல மனிதர். முழு டொக்டர் அல்ல, தோட்டங்களுக்கென்று பயிற்சி பெற்றவர். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொஞ்சம் கசிகிறது, படுத்தே இருக்க வேண்டும், வலி எடுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே சொல்லியனுப்ப வேண்டும் என்றார். டவுன் ஆஸ்பத்திரிக்கு இப்போதே போய்விடலாமா என்று கணவர் கேட்டார். போனால் நல்லதுதான், ஆனால் மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, பஸ் ஓடவில்லை, இந்த நிலையில் நடப்பது கசிவை விட ஆபத்து என்றார்.

படுத்தேன். ஆடி மாதத்து மழை தகரத்தின்மேல் விடாமல் கொட்டியது. தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே கிடந்தேன். அசைந்தது. அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து, ஒரு காலையில் பல் கிட்டிக்கொள்ளும்படி குளிர் எடுத்தது. மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டால் உயிர் போனது. ஓரகத்தி ஓடிப்போய் டொக்டர் ஐயாவைக் கூட்டி வந்தாள். அவர் என் நெற்றியைத் தொட்டார். பிறகு மாற்றிப்போட்ட துணியை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தத் துணியில் இருந்த நாற்றம் எனக்கும் முந்தைய நாளிலிருந்தே தெரிந்துகொண்டுதான் இருந்தது. அது என்னவென்று மட்டும் தெரியவில்லை.

"இனி ரோடு இருக்கா இல்லையான்னு பாக்க முடியாது," என்றார் அவர், என் கணவரிடம். "தூக்கிக்கிட்டுப் போங்க."

கொழுந்து லொறியில் மண்சரிவு வரைக்கும் போனோம். முன் ஸீற்றில் என்னைச் சாய்த்து உட்காரவைத்து, ஓரகத்தி தன் நிறைவயிற்றோடு என் தலையைப் பிடித்துக்கொண்டாள். சரிந்த இடத்தில் ரோடே இல்லை. சேறும் பாறையும் வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடிகளும்தான். ஸ்டோரிலிருந்து வந்த நான்கு பேர் ஒரு நாற்காலியில் என்னை வைத்துக் கட்டித் தூக்கினார்கள். அவர்களுடைய கால் முழங்கால் வரை புதைந்தது. ஒருவர் சறுக்கியபோது நாற்காலி சாய்ந்து, கீழே பள்ளத்தில் ஆறு ஓடுவதை நேராகப் பார்த்தேன். ஓரகத்தியை லொறிப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது லொறிக்குப் பக்கத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

சரிவைத் தாண்டியதும், பஸாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், வேன் நிறையச் சாமான்களோடு வழி திறக்கக் காத்திருந்தார். எங்களைக் கண்டதும் சீனி மூட்டையையும் பருப்பு மூட்டையையும் ரோட்டோரத்தில் இறக்கி, படங்கைப் போட்டு மூடிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டார். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். காய்ச்சலில் அந்தச் சத்தம் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. காய்ச்சலைவிட வேறொன்று எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை அசையவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியைப் பார்த்தவர் ஒரு சிங்கள லேடி டொக்டர். இளம் வயது. கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தார். பிள்ளையின் இதயத்தைக் கேட்டுவிட்டு, துடிக்கிறது, ஆனால் மிக வேகமாகத் துடிக்கிறது என்றார். கருப்பைக்குள் கிருமி ஏறிவிட்டது, பிள்ளை இனி உள்ளே இருக்கக் கூடாது, மாதம் போதாவிட்டாலும் வெளியே வந்தாக வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். டவுனில் வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் ஓரளவு புரியும். கையில் சேலைன் ஏற்றினார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். மறுநாள் பின்னேரம் என் மகள் பிறந்தாள்.

அழவில்லை. அதுதான் நினைவிருக்கிறது. சாம்பல் பூசினாற்போல ஒரு நிறம். தோலெல்லாம் சுருங்கி, ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு. மிஸ்ஸி, அங்கே தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து வெளி வந்த நஞ்சுக்கொடியை டொக்டர் இரண்டு கையாலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளபளவென்று இருக்க வேண்டிய சவ்வு பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கிப்போயிருந்தது. இன்னொரு மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள்தானே என் பிள்ளை இத்தனை நாள் இருந்தாள் என்று நினைத்தேன்.

எனக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. அடுத்த சில நாட்கள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவு. அதற்குள் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளை மூச்சு நின்று நின்று வந்ததால், கத்தோலிக்கரான ஒரு மிஸ்ஸி எங்கள் செபமாலையைப் பார்த்து, குழாய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். பெயர் கேட்க யாருமில்லை. என் கணவர் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார். தனக்குத் தோன்றிய பெயரை மிஸ்ஸியே வைத்துவிட்டார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும்.

மகள் பல்பு வெளிச்சத்தில் சூடாக்கிய ஒரு பெட்டிக்குள் கிடந்தாள். தலையில் ஊசி. காய்ச்சல் இல்லாத நாள் உடம்பு சில்லிட்டுப் போகும். இரண்டுமே கெட்டது என்றார்கள். நான் தள்ளாடித் தள்ளாடிப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். நெஞ்சுக்கூடு மேலும் கீழும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நானும் மூச்சை நிறுத்திவிடுவேன் என்று என் கணவர் பிறகு சொன்னார்.

ஒரு மாதம் போல அங்கே இருந்தோம். வீட்டுக்கு வந்தபோது ஓரகத்திக்கும் பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. லயத்திலேயே, மருத்துவச்சி கையில், எந்தச் சிரமமும் இல்லாமல் பிறந்தவன். தொடை மடிப்பு மடிப்பாக இருக்கும். என் மகளை அவன் பக்கத்தில் கிடத்தினால் வேறு ஏதோ இனத்துக் குஞ்சு மாதிரித் தெரிவாள்.

நோயில் எனக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. ஓரகத்தி என்னைக் கேட்கவுமில்லை, நான் அவளைக் கேட்கவுமில்லை. வந்த முதல் நாளே மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவள். அவன் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். இவள் இரண்டு மடக்குக் குடித்துக் களைத்துப்போவாள். அவள் பொறுமையாகக் கன்னத்தைத் தட்டித் தட்டி ஊட்டுவாள். அந்த இரண்டு மாதத்தில் என் மகள் கொஞ்சம் சதை பிடித்தது அவளால்தான். இதை நான் எங்கும் சொல்வேன்.

ஆனால் பிள்ளைக்கு ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. தொப்புள் பழுத்தது. அது ஆறியதும் காதில் சீழ். நாக்கில் வெள்ளை படிந்து போகவே மாட்டேன் என்றது. டொக்டர் ஐயா ஒவ்வொன்றுக்கும் மருந்து கொடுத்தார். குறைமாதப் பிள்ளை அப்படித்தான், ஆளாகி வரும் என்றார்.

மூன்றாவது மாதத்தில் லயத்தில் சளி சுற்றியது. முதலில் அவள் மகனுக்கு வந்தது. மூக்கு ஒழுகியது, இரண்டு நாள் சிணுங்கினான், மூன்றாம் நாள் பழையபடி கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தான். பிறகு என் மகளுக்கு. அவளுக்கும் மூக்கு ஒழுகுவதில்தான் தொடங்கியது. மறுநாள் பால் குடிக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் மூச்சு இழுக்கும்போது விலாவெலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டைச் சுற்றி நீலம் படர்ந்தது. அன்றைக்கு ரோடு திறந்திருந்தது, பஸ்ஸும் இருந்தது. பஸ்ஸில் ஒரு பெண் என் மடியைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அதே லேடி டொக்டர்தான் இருந்தார். பெயரைப் பார்க்காமலே என் மகளை அடையாளம் கண்டுகொண்டார். ஒக்சிஜன் வைத்தார்கள். சின்ன மூக்கில் குழாய், மறுபடி தலையில் ஊசி. அன்று முழுவதும் அவர் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்துவிட்டுப் போனார். "கலபல வென்ட எபா," என்றார் ஒருமுறை. பதற்றப்படாதே என்று அர்த்தம். ஆனால் அவர் விரல் பிள்ளையின் மணிக்கட்டை விடவில்லை.

மூன்று நாளில் மூச்சின் வேகம் இறங்கியது. அப்போது நான் அவரிடம், மனதில் இருந்ததைக் கேட்டேன். என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே கூரை. ஒரே புகை, ஒரே குளிர். குடித்தது ஒரே பால். வந்தது ஒரே சளி. அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இந்தப் பிள்ளை ஏன் இப்படி?

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். சிங்களத்திலும் தெரிந்த கொஞ்சத் தமிழிலுமாக அவர் சொன்னதை என்னால் இயன்ற வரை எழுதுகிறேன். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நோயோடு சண்டை போடும் வேலை பெரும்பாலும் கிடையாது. தாயின் உடம்பு கொடுத்தனுப்புகிற காப்போடு அது அமைதியாக வளர்கிறது. பிறந்த பிறகுதான் ஒவ்வொரு கிருமியாகப் பார்த்து, எதற்கு எவ்வளவு எதிர்க்க வேண்டும் என்று மெல்லப் பழகுகிறது. உன் பிள்ளைக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை. உன் கருப்பையில் காய்ச்சல் ஏறியபோது அவளுடைய உடம்பும் உள்ளேயே அந்தச் சண்டையில் இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தைப் பிறந்தவுடன் எடுத்துப் பார்த்தால், அவர்களாகவே உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் அதில் இருப்பதைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் கண்டிருக்கிறார்கள் என்றார்.

"அப்ப அது நல்லதுதானே, டொக்டர்," என்றேன். "முன்னாடியே பழகிக்கிட்டாள்னுதானே அர்த்தம்?"

அவர் தலையை ஆட்டினார். பழகவில்லை, பழகும் முன்னே கலைந்துவிட்டது என்றார். சில பிள்ளைகளுக்கு எதிர்க்கும் சக்தி களைத்துப்போய், கிருமி எளிதாக உள்ளே வந்துவிடுகிறது. சில பிள்ளைகளின் உடம்பு சின்னச் சளிக்கும் பெரிய ஆபத்து வந்தாற்போல வீங்கிக்கொள்கிறது, மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்கிறது. உன் மகளிடம் இரண்டையும் பார்க்கிறேன் என்றார். மாதம் போதாமல் பிறந்ததும் ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தனக்குத் தெரியாது, இப்போதைக்கு யாருக்கும் முழுதாகத் தெரியாது. வளர வளரச் சரியாகலாம். ஆகாமலும் போகலாம். புகையையும் சளிக்காரரையும் கிட்ட விடாதே. பால் நிற்கக் கூடாது. ஊசி எதையும் தவறவிடாதே.

தெரியாது என்று ஒரு டொக்டர் வாயால் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பயமாகவும் இருந்தது. ஆனால் அதனாலேயே அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் மாறிப்போனேன். கணவர் அடுப்பைப் பின்பக்கத்துச் சாய்ப்புக்கு மாற்றினார். வந்து பார்க்கிறவர்களை இஸ்தோப்போடு, முன் திண்ணையோடு, நிறுத்தினேன். சொந்தக்காரர் ஒருவர் பூண்டுலோயாவிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்து, தும்மினார் என்பதற்காக உள்ளே விடவில்லை. அவர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆனால் அடுத்த காம்பராப் புகை சுவருக்கு மேலால் வந்துகொண்டேதான் இருந்தது. கணவர் ஸ்டோரில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த வெளியை ஆணி அடித்து அடைத்தார்.

அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது ஓரகத்தி மலையிலிருந்து வந்தாள். கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"எங்கள வெட்டி வுட்டுட்டீங்களாக்கா?"

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். புகை ஆகாது, சளி ஆகாது என்றேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எம் புள்ளக்கி வந்த சளிதான் ஒங்க புள்ளக்கி வந்துச்சுன்னு சொல்றீங்க. எம் பால குடிக்கும்போது அது தெரியலயா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்டது. சாயந்தரம் பால் கொடுக்க வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மற்றப் பெண்களிடம் அவள் சொன்னது என் காதுக்கு வந்தது. வயிற்றிலேயே நோவு பிடித்த பிள்ளை, அதன் வாயை மாரில் வைத்தால் தன் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். அவள் பயம் பொய்யல்ல. அவளுக்கும் ஒரே பிள்ளை. ஆனால் அன்றைக்கு அதை அப்படிப் பார்க்க எனக்கு முடியவில்லை. டின் மாப்பால் கரைத்துக் கரண்டியால் ஊட்டினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அவள்மேல் கோபம் ஏறியது.

இப்படி ஒரு வருஷம் போனது. ஒரு கூரையின் கீழ் இருந்துகொண்டு, பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனும் தம்பியும் ஸ்டோரில் சேர்ந்தே வேலை செய்தார்கள், வீட்டில் தத்தம் மனைவிமாருக்குப் பயந்து பேசாமல் இருந்தார்கள். மகளுக்கு மாதம் ஒருமுறையாவது மூச்சு இழுக்கும். நான் அவள் நெஞ்சில் காதை வைத்து அந்த விசில் சத்தத்தைக் கேட்கப் பழகிவிட்டேன். தோட்டத்தில் யாராவது இருமினால் என் முதுகு நிமிர்ந்துவிடும்.

பிள்ளைக்கு ஒன்றரை வயதிருக்கும். நான் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன். மற்றத் தாய்மார் போல, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட எனக்குத் துணிவில்லை. கணவருக்கு அந்த வாரம் இரவு வேலை. பகலில் அவர் பிள்ளையோடு வீட்டில் இருந்தார். காலையில் நான் போகும்போது மூக்கு லேசாக ஒழுகியது, அவ்வளவுதான். இரவெல்லாம் நின்று வேலை செய்த மனிதர் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கிவிட்டார்.

ஓரகத்திக்கு அன்றைக்குக் கையில் கத்தி வெட்டு. மலைக்குப் போகவில்லை. பலகை புகையைத்தான் ஓரளவு தடுத்தது, சத்தத்தைத் தடுக்கவில்லை. அந்த இழுப்புச் சத்தம் ஒரு நேரம் கேட்டு, பிறகு நின்றுபோனதைக் கவனித்திருக்கிறாள். நின்றதுதான் அவளைப் பயமுறுத்தியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது பிள்ளை கண் சொருகிக் கிடந்திருக்கிறது. என் கணவரை எழுப்பக்கூட நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்கிறாள்.

ஆள் வந்து சொல்லி நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினேன். டிஸ்பென்சரி வாசலில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த கட்டு அவிழ்ந்து சேலையெல்லாம் இரத்தம். அதை என் பிள்ளையின் இரத்தம் என்று நினைத்தேன்.

"உள்ள இருக்கா. மூச்சு வந்துருச்சு," என்றாள். பிறகு, "நெஞ்சு உள்ளுக்கு போயி போயி வருதே அக்கா. இப்புடியா நீங்க தெனம் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக் கட்டை மறுபடி சுற்றினேன். டொக்டர் ஐயா ஊசி போட்டு, தோட்டத்துக் காரை ஏற்பாடு செய்து எங்களை டவுனுக்கு அனுப்பினார். காரில் அவளும் ஏறினாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பழைய மாதிரி ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பலகை அப்படியேதான் இருந்தது. ஆனால் அவள் மகனுக்குச் சளி பிடித்தால், "அக்கா, இவனுக்கு மூக்கு ஒழுகுது, கதவ சாத்திக்கிடுங்க" என்று அவளே குரல் கொடுப்பாள். தன் அடுப்பையும் பின்பக்கம் மாற்றச் சொல்லிப் புருஷனிடம் சண்டை போட்டு மாற்றினாள்.

பிறகு எனக்குப் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்து, படித்து முடித்து நிரந்தர ஆசிரியை ஆனேன். அங்கேதான் அழற்சி என்ற சொல்லைப் படித்தேன். காயத்திலோ கிருமி புகுந்த இடத்திலோ உடம்பு சிவந்து, சூடேறி, வீங்கி எதிர்க்கும் செயல் என்று விரிவுரையாளர் விளக்கினார். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் டொக்டர் பிடித்துப் பார்த்த அந்தக் கலங்கிய சவ்வு எனக்குக் கண்முன் வந்தது. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன். எல்லாக் கெடுதலும் கிருமி செய்வதல்ல, எதிர்க்கிற சூடும் சேர்ந்துதான் செய்கிறது. அந்தச் சூட்டுக்குள் வளர்ந்த பிள்ளையின் உடம்பு வேறு விதமாக அமைந்துவிடக்கூடும் என்பதையெல்லாம் இன்னும் பல வருஷம் கழித்து வேறு டொக்டர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் மகளைப் பார்த்திருந்ததால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஓரகத்தி மறுபடி முழுகாமல் இருந்தாள். ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில், நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது, வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"தண்ணி கசியுதுக்கா. வலியே இல்ல." வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க புள்ள மாதிரி ஆயிருமா?"

அந்தக் கேள்வி என்னை எங்கே குத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. என் மகள் அங்கேயே, காலுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. அதைக் கேட்கிறவளுக்கு என் மகள் மேல் எவ்வளவு பயமும் எவ்வளவு பாசமும் இருக்கிறது என்பதும் தெரிந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, கணவரை அனுப்பி வாகனம் கொண்டுவரச் சொன்னேன். அன்றைக்கு மழை இல்லை. ஆனால் மழை இருந்திருந்தாலும், ரோடு சரிந்திருந்தாலும், அவளை அந்தக் கட்டிலில் படுக்கவிட்டிருக்க மாட்டேன்.

வழி முழுக்க அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். சுடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். சுடவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த லேடி டொக்டர் இல்லை, மாற்றலாகிப் போயிருந்தார். புதிய டொக்டர் என்னைத் தாயா அக்காவா என்று கேட்டார். எவ்வளவு நேரமாகத் தண்ணீர் கசிகிறது, எப்போது தொடங்கியது, நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை என்று அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்டார்கள். அடுத்த நாள் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் வீரிட்டு அழுதது. நஞ்சுக்கொடியைக் காட்டச் சொல்லி மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் காட்டினார். பளபளவென்று இருந்தது.

நடைபாதையில் வந்து நின்றுகொண்டு அழுதேன். ஓரகத்திக்காகத்தான் அழுகிறேன் என்று கொழுந்தன் நினைத்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே அண்ணி என்றான். நல்லபடியாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதோடு, என் மகளுக்கும் அன்றைக்கே ஒரு ரோடு திறந்திருந்தால் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க எனக்கு முடியவில்லை.

என் மகள் மெலிந்தவளாகவே வளர்ந்தாள். விளையாட்டுப் போட்டிகளில் ஓடமாட்டாள், கோட்டுக்கு அருகில் நின்று மற்றவர்களின் சப்பாத்தைப் பார்த்துக்கொள்வாள். ஆடிக் காற்று தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். முதலில் வருஷத்துக்கு ஐந்தாறு தடவை ஆஸ்பத்திரி. பிறகு மூன்று. பிறகு ஒன்று. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அம்மை வந்தபோது எங்களுக்கு உயிர் கையில் இல்லை. அதையும் தாண்டினாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், காற்று வழக்கம்போல அடித்தது. சாய்ப்புத் தகரம் ஒன்று பறந்துபோய்த் தேயிலைக்குள் விழுந்தது. அவள் இருமினாள், விசில் சத்தம் வந்தது, வீட்டு மருந்தோடு அடங்கியது. மழை குறைந்து, வெயில் வந்து, கம்பளிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் எனக்குத் திடீரென்று உறைத்தது. அந்தக் காற்றில் நாங்கள் ஒருமுறைகூட டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பக்கத்துக் கொடியில் ஓரகத்தி சேலை பிழிந்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. கம்பளியின் மறு முனையைப் பிடிக்கச் சொன்னேன். அவள் வந்து பிடித்தாள்.